ரெண்டு வட்டி!

போன வாரம் லேப் எக்ஸ்டர்னல்ல நான் அசடு வழிஞ்ச கதையைப் படிச்சுட்டு நிறைய பேர் 'எங்க கதையும் அதேதான்'னு ஆறுதல் சொல்லியிருந்தீங்க. தாங்க்ஸ்! இந்த வாரமும் நான் அசடு வழிஞ்ச கதைதான். ஆனா, சிரிச்சு முடிச்ச பிறகு கொஞ்சம் வலிக்கும். பரவாயில்லையா?

முதல்ல ஒரு குட்டிக் கேள்வி. உங்க செமஸ்டர் ஃபீஸ் எவ்வளவு? டக்குனு சொல்லிட்டீங்க இல்ல? சரி, அந்தப் பணம் எங்கேருந்து வந்துச்சு? 'அப்பா கட்டினார்'னு சொல்லாதீங்க பாஸ், அது எனக்கும் தெரியும். அப்பாவுக்கு எங்கேருந்து வந்துச்சு?

நான் இ.சி.இ. மூணாவது வருஷம் முடிக்கப் போறேன். ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம், லாப்லாஸ் எல்லாம் தண்ணி பட்ட பாடு (அரியர் இல்லைங்கிற அர்த்தத்துல மட்டும்!). ஆனா, இந்தக் கேள்விக்கு எனக்கு மூணு வருஷமா பதில் தெரியாது. கேட்கணும்னே தோணலை. அட்மிஷன் சீசன் வருதே, 'காலேஜ் ஃபீஸுக்கு வீட்டுல என்ன பண்றாங்கன்னு எழுதிட்டு வா'ன்னு ஆசிரியர் சொன்னதாலதான், லீவுக்கு ஊருக்குப் போனப்ப அப்பாகிட்ட பேச்சு கொடுத்தேன்.

அப்பாவுக்கு திண்டுக்கல்ல, பழநி ரோட்டுல ஒரு சின்ன டூவீலர் ஒர்க் ஷாப். ரெண்டு பசங்க வேலைக்கு இருக்காங்க. நான் போனப்ப ஒரு வண்டியோட கார்ப்பரேட்டரைக் கழட்டி பெட்ரோல்ல கழுவிட்டு இருந்தார். "அப்பா, என் ஃபீஸெல்லாம் எப்படிப்பா கட்டுனீங்க?"ன்னு கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். "ஏன் தம்பி... காலேஜ்ல ஏதாவது பாக்கின்னு சொன்னாங்களா?" பாருங்க, நான் ஃபீஸைப் பத்திக் கேட்டாலே ஏதோ பிரச்னைன்னுதான் அவருக்குத் தோணுது!

பத்திரிகைக்குன்னு சொன்ன பிறகுதான் சிரிச்சார். டூல்ஸ் பெட்டிக்குக் கீழேருந்து ஒரு டைரியை எடுத்துக் கொடுத்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில புது வருஷத்துக்குக் கொடுத்தது. பக்கமெல்லாம் கிரீஸ் கைரேகை. அதுல என் பேர் எங்கேயும் இல்லை. 'தம்பி'ன்னு மட்டும் இருந்தது. தம்பி - அட்வான்ஸ் 50,000. தம்பி - சீட்டு 78,000. தம்பி - அம்மா செயின். தம்பி - 1,50,000, ரெண்டு வட்டி.

கடைசி வரியைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். "சூப்பர்ப்பா! பேங்க்ல பத்து பர்சென்ட் கேட்குறான். நீங்க ரெண்டு பர்சென்ட்ல வாங்கியிருக்கீங்களே!"ன்னு சொல்லிட்டேன்.

அப்பா கையில இருந்த ஜெட்டை வச்சுட்டு என்னையே பார்த்தார். வேலை பார்க்குற பசங்க ரெண்டு பேரும் குனிஞ்சுகிட்டு சிரிக்கிறாங்க. அதுல ஒருத்தன் எட்டாவதோட நின்னவன். அவன்தான் சொன்னான்... "அண்ணே, ரெண்டு வட்டின்னா நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபா!"

மாசத்துக்கு! அப்படின்னா வருஷத்துக்கு 24 சதவிகிதம். எட்டாவது படிச்சவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆறு செமஸ்டர் மேத்ஸும் இன்ஜினீயரிங்கும் படிச்ச எனக்குத் தெரியலை. நம்ம ஊர்ல 'ஒரு வட்டி', 'ரெண்டு வட்டி', 'மூணு வட்டி'ன்னு சொன்னா எல்லாமே மாசக் கணக்கு. பேங்க் சொல்றது வருஷக் கணக்கு. உங்களுக்கு முன்னாடியே தெரியும்னா ஒரு சபாஷ். தெரியாதுன்னா என் பக்கத்துல வந்து உட்காருங்க.

ஒண்ணரை லட்சத்துக்கு மாசம் 3,000 ரூபாய் வட்டி. நான் முதல் வருஷம் சேர்ந்த ஜூலையில வாங்கினது. மொபைலை எடுத்து கணக்குப் போட்டேன். முப்பத்து மூணு மாசம். 99,000 ரூபாய்! வட்டி மட்டும். அசல் ஒண்ணரை லட்சம் அப்படியே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கு.

"ஏம்ப்பா, பேங்க்ல எஜுகேஷன் லோன் கேட்கலையா?"ன்னு கேட்டேன். இங்கேதான் கதையே ஆரம்பிக்குது.

என் ப்ளஸ் டூ ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே, ஏப்ரல்லயே ஒரு புரோக்கர் அப்பாவைப் பிடிச்சிருக்கார். 'இப்பவே புக் பண்ணலைன்னா இ.சி.இ. கிடைக்காது, ஜூன்ல வந்தா ரேட் ஏறிடும்'னு பயமுறுத்தியிருக்கார். அப்பா 50,000 கட்டிட்டார். மேனேஜ்மென்ட் கோட்டா. அப்புறம் ரிசல்ட் வந்தது. கட்-ஆஃப் 168. நானும் கவுன்சிலிங் பக்கமே போகலை. 'அதான் சீட் வாங்கியாச்சே'ன்னு ஜாலியா சுத்திட்டு இருந்தேன். எங்க வீட்டுல யாரும் காலேஜ் படி ஏறினதில்லை. அப்பாவுக்கு வழி சொல்ல ஆள் கிடையாது. வழி கண்டுபிடிச்சு சொல்ல வேண்டிய நான், புது ஷூ வாங்கிட்டு இருந்தேன்.

காலேஜ் சேர்ந்த பிறகு என் ரூம்மேட்டோட கட்-ஆஃப் கேட்டேன். 161.5. கவுன்சிலிங்ல வந்தவன். அதே டிபார்ட்மென்ட், அதே பெஞ்ச், அதே மெஸ் சாம்பார். ஆனா, அவன் கட்டுற டியூஷன் ஃபீஸ் என்னோடதுல பாதிகூட இல்லை. கவுன்சிலிங் சீட்டுக்கு கட்டண நிர்ணயக் கமிட்டி சொன்ன தொகைதான் வாங்க முடியும். அதுலயும் அவனுக்கு முதல் பட்டதாரி சலுகை வேற! 2010-11 கல்வியாண்டுலேருந்து நம்ம மாநிலத்துல இருக்குற விஷயம் இது. குடும்பத்துல முதன்முதலா டிகிரி படிக்க வர்றவங்க, ஒற்றைச்சாளர கவுன்சிலிங் மூலமா சேர்ந்தா டியூஷன் ஃபீஸ்ல சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. எங்க குடும்பத்துலயும் நான்தான் முதல் ஆள். சர்டிஃபிகேட் வாங்கத் தகுதி இருந்தது. சீட்தான் தப்பான வாசல் வழியா வந்துடுச்சு.

இன்னொரு விஷயம் கேளுங்க. கட்டின அட்வான்ஸ் போயிடுமேன்னுதான் அப்பா கவுன்சிலிங்கை யோசிக்கவே இல்லையாம். ஆனா, வகுப்பு தொடங்குறதுக்கு முன்னாடி 'சீட் வேண்டாம்'னு சொல்லிட்டா, அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைத் திருப்பித் தரணும், ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு ஏ.ஐ.சி.டி.இ. விதியே இருக்கு. ரசீது இருக்கணும், எழுத்துல கேட்கணும். புரோக்கர் கையில கொடுத்த ரசீது இல்லாத பணத்துக்கு எந்த விதியும் துணைக்கு வராது. எங்க அப்பாகிட்ட ரசீது இருந்தது. அந்த விதி தெரியாம, அதை டைரிக்குள்ள பத்திரமா மடிச்சு வச்சிருந்தார். இப்பவும் இருக்கு.

சரி, பேங்குக்கு வருவோம். அப்பா போயிருக்கார். முதல் கேள்வியே 'கவுன்சிலிங்கா, மேனேஜ்மென்டா?' பதில் சொன்னதும், 'கஷ்டம்ங்க... அடமானத்துக்கு ஏதாவது வீட்டுப் பத்திரம் இருக்கா?'ன்னு அடுத்த கேள்வி. நாங்க இருக்குறது வாடகை வீடு. கும்பிடு போட்டுட்டு வந்துட்டார். காலேஜ் திறக்க ஒன்பது நாள் இருந்ததாம். நேரா ஃபைனான்ஸ்காரர் வீடு.

இதை எழுதறதுக்காக நான் வேற ஒரு பேங்க்ல போய் ஒரு ஆபீஸரைப் பார்த்தேன். நல்ல மனுஷர், டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தார். "லோன் கேட்டு வர்றது எல்லாம் அப்பாக்கள்தான் தம்பி. பையன் வெளியே பைக்ல உட்கார்ந்து மொபைல் பார்த்துட்டு இருப்பான். கையெழுத்து போட மட்டும் கூப்பிடுவாங்க. எங்கே போடணும்னு கேட்பான், எதுக்குன்னு கேட்க மாட்டான்"னார். என்னைப் பார்த்துதான் சொன்னாரோன்னு ஒரு டவுட்.

அவர் சொன்னதுலேருந்து உங்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டியது இதுதான்... எஜுகேஷன் லோன் உங்க அப்பா கடன் இல்லை. உங்க கடன்! வாங்குறவர் நீங்க, அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரர். வங்கிகளோட சங்கமான ஐ.பி.ஏ. 2001-ல கொண்டுவந்த மாதிரித் திட்டத்தை வச்சுதான் பெரும்பாலான பேங்க்குகள் கொடுக்குது. அந்தத் திட்டப்படி 4 லட்சம் வரைக்கும் அடமானமும் கேட்கக் கூடாது, நம்ம பங்குன்னு முன்பணமும் கேட்கக் கூடாது. 7.5 லட்சத்தைத் தாண்டினாதான் சொத்துப் பத்திரம். 2015-ல இதுக்குன்னே மத்திய அரசு ஒரு கடன் உத்தரவாத நிதியும் ஏற்படுத்தியிருக்கு, பையன் கட்டலைன்னா பேங்குக்கு நஷ்டத்துல பெரும்பகுதி வந்துடும்கிற தைரியத்துக்காக. டியூஷன் ஃபீஸ் மட்டும் இல்லை... ஹாஸ்டல், எக்ஸாம் ஃபீஸ், புத்தகம், லேப்டாப் வரைக்கும் இந்தக் கடன்ல அடங்கும்.

'முடியாது'ன்னு சொன்னா? வாயால சொன்னதைக் கேட்டுட்டு எங்க அப்பா மாதிரி கும்பிடு போட்டுட்டு வந்துடாதீங்க. அப்ளிகேஷனைக் கொடுத்து அதுக்கு அத்தாட்சி வாங்கணும். நிராகரிக்கிறதா இருந்தா மேலதிகாரி ஒப்புதலோட, காரணத்தைச் சொல்லித்தான் நிராகரிக்கணும்னு அந்தத் திட்டத்துலயே எழுதியிருக்கு. 2015-ல வந்த வித்யாலக்ஷ்மி இணையதளத்துல விண்ணப்பிச்சா, கொடுத்ததுக்கான பதிவும் நம்ம கையில இருக்கும்.

அப்புறம் வட்டி மானியம். இதை நிறைய பேர் 'கடன் தள்ளுபடி'ன்னு நினைச்சுட்டு இருக்காங்க. இல்லவே இல்லை! 2009-லேருந்து இருக்குற மத்திய அரசுத் திட்டம் இது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ள இருந்து, தொழிற்கல்வி படிக்கிறவங்களுக்கு, படிக்கிற காலமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் ஏற வேண்டிய வட்டியை அரசு கட்டும். 2018-லேருந்து நாக் அல்லது என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கான்னும் பார்க்குறாங்க. அதனால காலேஜ் தேர்ந்தெடுக்கும்போது 'நீச்சல் குளம் இருக்கா'ன்னு கேட்குறதோட 'என்.பி.ஏ. இருக்கா'ன்னும் கேளுங்க, அதுவும் உங்க கோர்ஸுக்கு இருக்கான்னு. நடுவுல படிப்பை விட்டுட்டா மானியம் கிடையாது.

2024 நவம்பர்ல மத்திய அமைச்சரவை பி.எம். வித்யாலக்ஷ்மின்னு இன்னொரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தேர்ந்தெடுத்த சுமார் 860 முன்னணி கல்வி நிறுவனங்கள்ல மெரிட்ல இடம் கிடைச்சா, அடமானமும் ஜாமீனும் இல்லாமக் கடன். குடும்ப வருமானம் 8 லட்சம் வரைக்கும் இருந்தா, 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவிகித வட்டி மானியம். நம்மள்ல பல பேரோட காலேஜ் அந்த லிஸ்ட்ல இருக்காது. ஆனா, கவுன்சிலிங்ல சாய்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி லிஸ்ட்டைப் பார்த்து வச்சா நஷ்டமா என்ன?

படிச்சு முடிச்ச பிறகு? படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் மூச்சு விட டைம். அப்புறம் இ.எம்.ஐ. ஓட ஆரம்பிக்கும். 4 லட்சம் பாக்கி, 10 சதவிகித வட்டின்னு வச்சுக்குங்க. பத்து வருஷத்துல கட்டினா மாசம் சுமார் 5,290 ரூபாய். வட்டி மட்டும் மொத்தம் 2.34 லட்சம். அஞ்சு வருஷத்துல முடிச்சா மாசம் 8,500, வட்டி 1.10 லட்சம். முதல் சம்பளம் 18,000 வாங்குறவனுக்கு 8,500 நடக்குற காரியம் இல்லை. சென்னையில ரூம் வாடகையைக் கொடுத்துட்டு எதைச் சாப்பிடுறது? பத்து வருஷம்னு போட்டுக்கிட்டு, சம்பளம் ஏற ஏற கூடுதலா கட்டுறதுதான் நம்ம மாதிரி ஆளுங்களுக்கு லாயக்குன்னு என் அபிப்பிராயம். கட்டாம விட்டா சிபில் ஸ்கோர்ல விழும். உங்களுக்கு மட்டும் இல்லை, கூடவே கையெழுத்து போட்ட அப்பாவுக்கும்!

'இவ்வளவு சொல்றியே, சின்ன வயசுலேருந்தே சேர்த்து வச்சா கடனே வேண்டாமே?'ன்னு ஒரு அறிவாளி கேட்பீங்க. எங்க சித்தப்பாவும் கேட்டார். அவர் பொண்ணுக்கு இப்போ நாலு வயசு. போஸ்ட் ஆபீஸ்ல செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஆரம்பிச்சு, மாசம் 1,000 போடப் போறேன்னார். நல்ல விஷயம்தான். 2015-ல வந்த திட்டம். பத்து வயசுக்குள்ள இருக்குற பெண் குழந்தைக்கு, வருஷத்துக்கு குறைஞ்சது 250 ரூபாய், அதிகபட்சம் ஒண்ணரை லட்சம் போடலாம். 15 வருஷம் கட்டணும், 21 வருஷத்துல முதிர்வு. 2024 ஜனவரியில வட்டியை 8.2 சதவிகிதமா அறிவிச்சாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துற அதிகாரம் அரசுக்கு இருக்கு.

ஆனா, நான் சித்தப்பாவை உட்கார வச்சு கணக்குப் போட்டேன் (ரெண்டு வட்டிக்குப் பிறகு எனக்கு ரோஷம் வந்துடுச்சு!). பாப்பாவுக்கு நாலு வயசுல ஆரம்பிச்சா, முதிர்வு வரும்போது அவளுக்கு 25. காலேஜ் போறது 18-ல! அப்போ எடுக்க முடியறது, முந்தின நிதியாண்டு முடிவுல இருந்த தொகையில பாதி. 8.2 அப்படியே நீடிச்சாலும் அந்த வயசுல கணக்குல சுமார் 3 லட்சம் இருக்கும். பாதின்னா ஒண்ணரை லட்சம். 14 வருஷம் கழிச்சு ஒண்ணரை லட்சத்துக்கு ஒரு செமஸ்டராவது வருமான்னு நீங்களே யோசிச்சுக்குங்க. சித்தப்பா கொஞ்ச நேரம் பேசலை. "அப்ப வேண்டாங்குறியா?"ன்னார். வேண்டாம்னு யார் சொன்னா? அது கல்யாணத்துக்கோ, மேல்படிப்புக்கோ நிக்கட்டும். 18-ல கைக்கு வர்ற மாதிரி தனியா ஒரு ஆர்.டி.யும் சேர்த்துப் போடுங்கன்னு சொன்னேன். சேமிக்கிறதுல முக்கால்வாசி பேர் எவ்வளவுன்னு பார்க்குறாங்க, எப்போ கைக்கு வரும்னு பார்க்குறதே இல்லை.

எங்க அப்பா போட்ட சீட்டும் அப்படித்தான். ஒரு லட்ச ரூபாய் சீட்டு, இருபது மாசம். கடைசி வரைக்கும் காத்திருந்தா தள்ளு இல்லாம கிட்டத்தட்ட முழுப் பணமும் வந்திருக்கும். ஆனா, காலேஜ் ஃபீஸ் நாலாவது மாசமே வந்து நின்னுடுச்சு. ஏலத்துல 22,000 தள்ளி, 78,000 கையில வாங்கினார். மிச்ச மாசமெல்லாம் பாக்கித் தவணையைக் கட்டிக்கிட்டே இருந்தார். அம்மா செயின் நாலு பவுன். அதைப் பத்தி அம்மாகிட்ட கேட்டேன். "கழுத்து உறுத்துது, அதான் போடுறதில்லை"ன்னு மூணு வருஷமா சொல்லிட்டு இருந்தாங்க. நானும் நம்பிட்டு இருந்தேன்!

இப்போ முக்கியமான ஆள் வர்றா. என் தங்கச்சி. இந்த மே மாசம்தான் ப்ளஸ் டூ ரிசல்ட். கணக்கு 88, இயற்பியல் 84, வேதியியல் 86. அதாவது கட்-ஆஃப் 173. அண்ணனைவிட அஞ்சு மார்க் அதிகம். (இதை இந்தப் பக்கத்துல எழுதணும்னு கண்டிஷன் போட்டுத்தான் பேட்டியே கொடுத்தா!)

ரிசல்ட்டுக்கு முந்தின வாரம் மறுபடியும் ஒரு புரோக்கர் போன். அதே வசனம்... 'இப்பவே புக் பண்ணலைன்னா கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது.' அப்பா பீரோவுல 40,000 எடுத்து ரெடியா வச்சிருந்தார். நான் டைரியைப் படிச்சுட்டு பேயடிச்ச மாதிரி உட்கார்ந்திருந்த அன்னிக்கு ராத்திரிதான் அது பேச்சுல வந்தது. நான் கவுன்சிலிங், ரீஃபண்ட்னு லெக்சர் ஆரம்பிச்சேன். தங்கச்சி பாதியில நிறுத்தினா.

"அண்ணே, நான் ஆறாவதுலேருந்து கவர்மென்ட் ஸ்கூல். எனக்குத் தனி ஒதுக்கீடு இருக்கு. எங்க கெமிஸ்ட்ரி மிஸ் ஜனவரியிலேயே சொல்லிட்டாங்க."

ஆமாம் மக்களே! அரசுப் பள்ளியில ஆறாவதுலேருந்து ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சவங்களுக்கு, 2020-ல மருத்துவப் படிப்புல வந்த 7.5 சதவிகித ஒதுக்கீடு, 2021-ல இன்ஜினீயரிங், வேளாண்மை, சட்டம் மாதிரி தொழிற்படிப்புகளுக்கும் சட்டமா வந்தது. அந்த ஒதுக்கீட்டுல சேர்றவங்களுக்குப் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாத்தையும் அரசே ஏத்துக்கும்னு அந்த வருஷம் செப்டம்பர்லயே அறிவிச்சாங்க. அரசுப் பள்ளியில படிச்ச பெண்களுக்கு உயர்கல்வி படிக்கும்போது மாசம் 1,000 ரூபாய் கொடுக்குற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல தொடங்கினது தனி. ஆனா, 7.5 ஒதுக்கீட்டுக்கு கவுன்சிலிங்ல பேர் பதிஞ்சு, ரேங்க் லிஸ்ட்ல வரணும். புரோக்கர் வழியா போய் மேனேஜ்மென்ட் சீட்டை வாங்கினா, இத்தனையும் ஒரே கையெழுத்துல காலி. 40,000 அட்வான்ஸ் கட்டி, நாலு வருஷத்துக்குப் பல லட்சம் செலவை விலை கொடுத்து வாங்க இருந்தார் எங்க அப்பா. பொண்ணு மேல இருக்குற பாசத்துலதான்!

அப்பா முகத்துல அப்படியொரு வெளிச்சம். "நிசமாவா பாப்பா? ஹாஸ்டலும் ஃப்ரீயா?"ன்னு ரெண்டு தடவை கேட்டார். தங்கச்சி தலையாட்டினா. அப்புறம் டைரியைப் புரட்டிக்கிட்டே, சாதாரணமா கேட்குற மாதிரி கேட்டா...

"அப்பா, அண்ணனை மட்டும் ஏன் மெட்ரிக்ல சேர்த்தீங்க?"

யாரும் எதுவும் சொல்லலை. ஃபேன் சத்தம் மட்டும். நான் எல்.கே.ஜி.யிலேருந்து ப்ளஸ் டூ வரைக்கும் மெட்ரிக். வேன், டை, ஷூ. அவ அஞ்சாவது வரைக்கும் பக்கத்துத் தெரு ஸ்கூல், அப்புறம் கவர்மென்ட் கேர்ள்ஸ் ஹையர் செகண்டரி. ரெண்டு பேருக்கும் கட்ட முடியாது. யாருக்குக் கட்டுறதுன்னு வீட்டுல ஒரு நாள் முடிவு பண்ணியிருப்பாங்க இல்ல? அந்த முடிவுக்கு எந்த டைரியிலயும் வரி கிடையாது. 'இப்போ உனக்குத்தானே லாபமா முடிஞ்சது'ன்னு ஜோக் அடிக்க வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, அடிக்கலை. அவ பஸ்ஸுல நசுங்கிப் போனப்ப நான் வேன்ல போனவன். அதைச் சொல்ற தகுதி எனக்கு இல்லை.

அம்மாதான் கடைசியில பேசினாங்க. "அப்ப புத்தி அவ்வளவுதான்டி"ன்னாங்க. அவ ஒண்ணும் சொல்லலை. டைரியிலேருந்து கண்ணை எடுக்காம, "இந்த ஃபைனான்ஸ்காரருக்கு மாசம் மூவாயிரமா போயிட்டு இருக்கு? அந்த நாப்பதாயிரத்தை அசல்ல கட்டுங்கப்பா"ன்னா.

மறுநாள் காலையில அப்பாவும் நானும் போனோம். வாழ்க்கையில முதல் தடவையா நான் பைக்கை விட்டு இறங்கி உள்ளே போனேன். ஃபைனான்ஸ்காரர் பணத்தை ரெண்டு தடவை எண்ணினார். "என்ன மெக்கானிக்கே, லாட்டரி அடிச்சுதா?"ன்னு கேட்டார். "பாப்பா மார்க் வாங்கியிருக்கு"ன்னார் அப்பா. நான் ரசீது கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, ஒரு துண்டுச் சீட்டுல தேதி போட்டு எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் என் பாக்கி ஒரு வருஷத்துக்கு பேங்க்ல லோன் கேட்டு, எழுத்துல, நானே விண்ணப்பம் கொடுக்கப் போறேன். மேனேஜ்மென்ட் கோட்டாதான். என்ன சொல்றாங்கன்னு இதே பக்கத்துல எழுதுறேன்.

ராத்திரி வீட்டுக்குப் போனா, அந்தத் துண்டுச் சீட்டை டைரியில ஒட்டி வச்சிருக்கா தங்கச்சி. கீழே பென்சில்ல அவ கையெழுத்து... 'அசல் 1,10,000. மாச வட்டி 2,200. மிச்சம் 800 - அம்மா செயினுக்கு.'